லூட்டின் முதுகில் ஒட்டிய மைக்

ஹெட்போனுக்குள் அந்தச் சனியன் மறுபடி இடித்தது.

டப். டப். ஓர் இடைவெளி. அப்புறம் டப்டப்டப் என்று மூன்று, ஒன்றின் வாலை ஒன்று மிதித்துக்கொண்டு. பிறகு, கதவைத் தட்டிவிட்டு, இந்த வீடுதானா என்று யாரோ யோசிப்பது போல ஒரு மௌனம்.

பியூஸ் பல்லைக் கடித்தாள். முதல் ஒத்திகையிலிருந்தே இந்த இடி அவளைப் பாடாய்ப் படுத்துகிறது. வயரை மாற்றியாகிவிட்டது. பற்றவைத்த இடங்களையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தாகிவிட்டது. லூட்டின் தோள்வார்க் கொக்கி அதன் மரத்தில் இடிக்கிறதோ என்று கொக்கிக்குப் பஞ்சு சுற்றியும் பார்த்தாயிற்று. கடைசியில் எந்த சவுண்டு ஆளும் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்தாள். மிக்சரில் லோ கட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அடிமட்டச் சத்தங்களை வடிகட்டி எறிந்துவிடும். அதை அழுத்தினாள். ஆம்ப்ளிஃபயர்களில் இடி செத்தது. வடிகட்டுவதற்கு முந்தைய சத்தம் வருகிற அவளுடைய ஹெட்போனில் மட்டும் உயிரோடு இருந்தது.

பியூஸ் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. பட்டென்று எரிந்துபோகிறவள் என்று அண்ணன் சின்ன வயதில் சூட்டிய பட்டம். வளர்ந்து சவுண்டு வேலைக்கே வந்து சேர்ந்ததும் பட்டம் தொழிலோடு பொருந்திப்போய்விட்டது. இப்போது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வங்கியில்கூட அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றைய நாடகம் ஒரு மூடிப்போன சோப்புத் தொழிற்சாலையில். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிற நாடகம் இல்லை, நடந்துகொண்டே பார்ப்பது. லூட் வாசிக்கிற பெண் முன்னால் போவாள். அவள் நுழைகிற அறைக்கெல்லாம் கூட்டம் பின்னாலேயே போகும். அங்கங்கே நடிகர்கள் காத்திருப்பார்கள். கடைசியில் அவள் கொதிகலன் கூடத்தின் இரும்புச் சுழல்படியில் வாசித்தபடியே ஏறி, மூன்று மாடி உயரத்தில் நின்று கடைசிப் பாட்டை வாசிக்க, கீழே ஜனங்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். டைரக்டரின் கனவு அது.

லூட் என்பது, பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தாற்போல் உப்பிய முதுகும், கழுத்து முடிகிற இடத்தில் பின்பக்கம் ஒடிந்தாற்போல் மடங்கிய தலையும் கொண்ட தந்தி வாத்தியம். பார்க்க அழகு. குரல்தான் பூனைக்குட்டி. பக்கத்தில் ஒருவர் தும்மினால் ஒரு வரி பாட்டு காணாமல் போகும். கரண்டே இல்லாத அந்தக் கட்டடத்தில் அதை எல்லோர் காதிலும் சேர்ப்பது பியூஸின் வேலை. லூட்டில் சட்டைப் பொத்தான் அளவில் ஓர் ஒட்டு மைக். காற்றில் வரும் சத்தத்தை விட்டுவிட்டு, ஒட்டியிருக்கிற மரத்தின் அதிர்வை மட்டும் பிடிக்கிற ரகம். வாசிப்பவள் இடுப்பில் ஒரு டிரான்ஸ்மிட்டர். அது அனுப்புவதை பியூஸ் தன் குட்டி மிக்சரில் வாங்கி, அறைக்கு ஒன்றாக ஒளித்து வைத்திருந்த பேட்டரி ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பங்கு போடுவாள். எல்லாம் டிபன் கேரியர் உயரம். கொதிகலன் கூடத்தில் இருந்தது மட்டும் சூட்கேஸ் அளவுக்குப் பெரியது.

லூட் வாசிப்பவள் அவளுடைய அண்ணி. அதாவது, ஒத்திகை தொடங்கியதிலிருந்து அவளோடு பேசாத அண்ணி.

சண்டை, மைக்கை எங்கே ஒட்டுவது என்பதில் வந்தது. வாத்தியத்தின் முகத்தில், தந்திகள் கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதுதான் முறை என்றாள் பியூஸ். முகப்பலகை காகிதம் மாதிரி மெல்லியது, அதில் பசை பட்டால் கறை விழும், அவ்வளவு ஆசையாக இருந்தால் என் கன்னத்தில் ஒட்டிக்கொள் என்றாள் அண்ணி. அதோடு பேச்சு நின்றது. மூன்று பேரும் ஒரே வேனில் வந்தாலும் செய்தி அண்ணன் வழியாகத்தான் போயிற்று.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. முகத்துல கை வைக்கக்கூடாது. வேணும்னா முதுகுல ஒட்டிக்கட்டும்."

தங்கச்சி பக்கத்து சீட்டில்தான் இருந்தாள். அண்ணன் வண்டி ஓட்டினான், பேட்டரிகளுக்கு சார்ஜ் போட்டான், இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒலிபெருக்கியாகவும் இருந்தான். மைக் முதுகில் ஒட்டப்பட்டது. முதுகு என்றால், நடந்துகொண்டு வாசிக்கும்போது நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்கிற அந்த உப்பிய பக்கம்.

முதல் பாதி முடிந்து இடைவேளை விட்டார்கள். ஜனங்களை டைரக்டர் பேக்கிங் கூடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். பியூஸ் உட்கார்ந்திருந்தது பழைய எடை போடும் அறை. ஆளுயரத் தராசு ஒன்று துருப்பிடித்து மூலையில் நின்றது. அதன் பின்னால் ஒரு படுதா கட்டி, அண்ணி உடை மாற்றுவதற்கு இடம் செய்திருந்தார்கள்.

அண்ணி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மேக்கப் என்று பியூஸ் நினைத்தாள். லூட்டை இடுப்பு டிரான்ஸ்மிட்டரோடு கழற்றி, அங்கே நின்ற புருஷன் தோளில் மாட்டிவிட்டு, கீழே வைக்காதீங்க, ஒரே செங்கல் தூசி என்று சொல்லிப் படுதாவுக்குள் போனாள்.

அண்ணன் வாத்தியத்தைக் கைக்குழந்தையைத் தூக்கிய மாதிரி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டப். டப். டப். டப்.

பியூஸ் நிமிர்ந்தாள். இடி ஒழுங்காகிவிட்டது. சுவர்க் கடிகாரம் மாதிரி சீராக விழுந்தது. அப்பாடா, கடைசியில் ஏதோ ஒரு வயர் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அவள் மிக்சர் பக்கம் குனிந்த நேரத்தில், தராசுக்கு அடியிலிருந்து ஓர் எலி புறப்பட்டு, அண்ணனின் செருப்பை ஒட்டி ஓடியது.

அண்ணனுக்கு எலி என்றால் உயிர் போகும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். லூட்டோடு ஒரு துள்ளு துள்ளினான்.

டப்டப்டப்டப்டப்டப்.

சீராகத்தான். ஆனால் தலைதெறிக்க. எலி சுவர் ஓட்டைக்குள் மறைந்தது. அண்ணன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். இடி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து பழைய நடைக்கு வந்தது.

பியூஸும் சிரித்தாள். அண்ணனுடைய பயத்தை ஹெட்போனில் கேட்டவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த மரம், மரத்தில் ஒட்டிய மைக். டாக்டர் வைத்துப் பார்க்கிற ஸ்டெதஸ்கோப்பும் இதுதானே.

அந்தச் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது.

அப்படியானால் இத்தனை நாள் அவள் கேட்டது எது?

படுதா விலகியது. அண்ணி கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வந்து, டிரான்ஸ்மிட்டரை இடுப்பில் செருகி, லூட்டை வாங்கித் தோளில் போட்டு அணைத்தாள்.

டப். டப். இடைவெளி. டப்டப்டப். மௌனம். டப்.

அதே வயர். அதே கொக்கி. அதே மைக். ஆள்தான் மாறியிருந்தது.

வெளியே டைரக்டரின் விசில் கேட்டது. அண்ணி தந்திகளை ஒருமுறை வருடிப் பார்த்துவிட்டு, பியூஸ் இருந்த திசையைக்கூடப் பார்க்காமல் நடந்தாள். பியூஸ் மிக்சரைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அதற்குள் அண்ணி பேக்கிங் கூடத்துக்குள் போயாகிவிட்டது, கூட்டம் அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

"அண்ணா, அண்ணியை நிறுத்து."

அவன் அதைச் சண்டையின் அடுத்த பாகம் என்று எடுத்துக்கொண்டான். இன்னும் அரை மணி நேரம் பொறுத்துக்கோ, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். பியூஸ் ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டினாள். லூட்டின் இசைக்கு அடியில் ஒரு இடி கேட்கிறதா என்று கேட்டாள். தலையாட்டினான். இது அண்ணியின் இதயம், கொஞ்சம் முன்னால் நீ மாட்டியிருந்தபோது உன்னுடையது கேட்டது, எலிக்குப் பயந்து ஓடியதுவரை கேட்டது என்றாள்.

அண்ணன் கேட்டான். ஒரு மௌனம் வந்தபோது அவன் முகம் மாறியது. அடுத்த துடிப்பு வருகிறவரை அவனும் மூச்சு விடவில்லை.

"வீட்டு மாடிப்படியில நடுவுல நின்னுடறா," என்றான் மெதுவாக. "சாவியைத் தேடற மாதிரி பைக்குள்ள கையை விட்டுக்குவா. நானும் சாவின்னுதான் நெனச்சேன்."

அடுத்து அவள் ஏறப்போவது மூன்று மாடி. கையில் வாத்தியத்தோடு, வாசித்துக்கொண்டே.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான். போன் செய்ய வழியில்லை. நாடகம் நடக்கும்போது மணி அடித்தால் தலையை வாங்கிவிடுவேன் என்று டைரக்டர் நடிகர்களின் போனையெல்லாம் பிடுங்கி ஒரு பையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். பேக்கிங் கூடத்திலிருந்து கொதிகலன் கூடத்துக்கு இருந்தது ஒரே ஒரு சந்து, இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும். அதற்குள் நூறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். "தள்ளுங்க, வழி விடுங்க" என்று அண்ணனின் குரல் கேட்டது. நாங்களும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கோம், வரிசையில வாங்க சார் என்று ஒரு பெண் அதட்டியதும் கேட்டது. அதற்கப்புறம் அவன் குரல் கேட்கவில்லை.

பியூஸ் மிக்சரைப் பார்த்தாள். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

முதலில் எல்லா ஆம்ப்ளிஃபயர்களையும் அணைத்தாள். சத்தம் நின்றால் அண்ணி நிற்பாள்.

நிற்கவில்லை. ஹெட்போனில் லூட் தடங்கலே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பியூஸ் தலையில் அடித்துக்கொண்டாள். பேட்டரி தீர்ந்து சத்தம் போனாலும் நிற்காதே, வாசித்துக்கொண்டே நட, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும், நான் சரிசெய்துவிடுவேன் என்று அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்பியதே அவள்தான். பேசாத நாத்தனார் சொன்னதை அண்ணி அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனில் செருப்புச் சத்தம் மாறியது. சிமெண்டுத் தரையின் தப்தப் போய், இரும்பின் டங் வந்தது. முதல் படி.

டங். இன்னொரு படி. லூட் ஏறுகிறது. இடியும் ஏறுகிறது. இப்போது இடைவெளிகள் நீளமில்லை. வாரி இறைத்த கோலிகுண்டுகள் போல எந்தக் கணக்குக்கும் அடங்காமல் உருண்டது.

பியூஸ் ஒரு விநாடி யோசித்தாள். அப்புறம் லோ கட் பட்டனை விடுவித்தாள். கொதிகலன் கூடத்துப் பெரிய ஆம்ப்ளிஃபயரை மட்டும் உயிர்ப்பித்து, அதன் சத்தத்தை ஒரேயடியாக மேலே தள்ளினாள்.

தொழிற்சாலையின் அந்தக் கோடியிலிருந்து அது அவளுக்கே கேட்டது. ஹெட்போனை விலக்கிய ஒரு காதில், சந்தைத் தாண்டி, சுவர்களைத் தாண்டி. தகரக் கூரைக்கு அடியில் ஒரு மனுஷியின் இதயம், இரும்புக் கதவை முஷ்டியால் குத்துகிற மாதிரி இடித்தது.

லூட் நின்றது. தந்திகளின் மேல் உள்ளங்கை விழுந்த சத்தம். அண்ணி தந்திகளை அடக்கிவிட்டாள். சத்தம் லூட்டிலிருந்து வருகிறது என்று நினைத்திருக்கிறாள். ஆனால் இடி நிற்கவில்லை. டப்டப். டப். டப்டப்டப்.

'கேளுங்க அண்ணி,' என்று முணுமுணுத்தாள் பியூஸ். தாளம் தப்பினால் ரேடியோவைக்கூட அணைத்துவிடுகிறவள் அண்ணி. 'கேளுங்க. யாருதுன்னு கேளுங்க.'

அப்போது எல்லாம் நின்றது.

இடி இல்லை. மூச்சு இல்லை. துணி உரசும் சத்தம்கூட இல்லை.

பியூஸ் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினாள். மிக்சரின் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரான்ஸ்மிட்டர் சரியாக இருக்கிறது. பேட்டரி இருக்கிறது. மைக் வேலை செய்கிறது. எல்லாம் வேலை செய்கிறது, சத்தம் மட்டும் இல்லை. அண்ணி வாத்தியத்தை நெஞ்சிலிருந்து எடுத்துவிட்டாளா? இல்லை, நெஞ்சே நின்றுவிட்டதா? இரண்டுக்கும் ஹெட்போனில் ஒரே மௌனம்தான்.

நூறு பேர் இருக்கிற கூடத்திலிருந்து ஓர் இருமல்கூட வரவில்லை. எழுந்து ஓடலாம் என்றால், ஓடுகிற நேரத்தில் சத்தம் திரும்பி வந்தால் தெரியாமல் போகும். ஓடாமல் இருக்கவும் முடியவில்லை. எழுந்தாள். ஹெட்போன் வயர் இழுத்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

மரத்தில் துணி உரசியது.

டப்.

டப்டப். டப்.

வாத்தியத்தை விலக்கிப் பார்த்திருக்கிறாள். சத்தம் நின்றிருக்கிறது. மறுபடி நெஞ்சில் வைத்திருக்கிறாள். வந்திருக்கிறது. அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் மெல்ல, லூட்டின் அடிப்பாகம் இரும்புப் படியில் பட்ட சத்தம். உட்கார்ந்துவிட்டாள்.

பியூஸ் ஹெட்போனை எறிந்துவிட்டு ஓடினாள். சந்தில் இப்போது ஆள் இல்லை. எல்லோரும் கூடத்துக்குள் அரைவட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவும் நாடகம் என்றே நினைத்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நான்காவது படியில் அண்ணி, பக்கத்தில் அவள் தோளைப் பிடித்தபடி அண்ணன். அண்ணியின் உதடு சாம்பல் பூத்திருந்தது. டைரக்டர் பியூஸின் காதருகில் வந்து, என்னிடம் சொல்லாமல் இப்படி ஒரு எஃபெக்டா, பிரமாதம், நாளைக்கும் வைத்துவிடலாம் என்றார். பியூஸ் அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். அவரை அன்று அவள் அடிக்காமல் விட்டதற்கு நேரமில்லாததுதான் காரணம்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் வேனிலேயே போனார்கள். ஆம்ப்ளிஃபயர் வைக்கிற மெத்தைமேல் அண்ணி படுத்திருந்தாள். பியூஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடச் சொல்லி அண்ணி சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சடசடவென்று நடந்தது. நெஞ்சில் வயர்கள், விரலில் கிளிப், தலைமாட்டில் ஒரு மானிட்டர். அதன் பீப் ஒலி பியூஸுக்கு ஏற்கெனவே பழக்கமான அதே தப்புத் தாளத்தில் போயிற்று. பரிசோதித்த டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசினார். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிறது, அதனால்தான் துடிப்பு தாறுமாறாகப் போகிறது என்றார். ரத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறது. மயக்கம் கொடுத்து ஒரு சின்ன ஷாக் வைத்தால் துடிப்பு வழிக்கு வரலாம், சீக்கிரம் வைத்தால் நல்லது.

அண்ணனுக்கு உயிர் வந்தது. வைத்துவிடுங்கள் என்றான்.

"ஒரே ஒரு கேள்விதான்," என்றார் டாக்டர். "இது எப்போ ஆரம்பிச்சது?"

"இன்னைக்கு மத்தியானம்," என்றாள் அண்ணி.

டாக்டர் உடனே எழுந்துவிடவில்லை. பொறுமையாக விளக்கினார். நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும். இரண்டு நாளைத் தாண்டினால் மூலையில் கட்டி பிடிக்க வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் ஷாக் வைத்தால், இதயம் சுருங்குகிற வேகத்தில் கட்டியை உதைத்து வெளியே தள்ளும். அது நேராக மூளைக்குப் போகும். அதனால்தான் கேட்கிறேன், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

அண்ணி யோசிக்கவில்லை. இன்றைக்குத்தான், படி ஏறும்போது படபடப்பாக இருந்தது, அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்றாள். அண்ணன் மாடிப்படி விஷயத்தை ஆரம்பித்தான். நிஜமாவே சாவியைத் தேடினேன் என்று அவன் வாயை அடைத்தாள். சீக்கிரம் வைத்தால் நாளை வீட்டுக்குப் போகலாமா என்று டாக்டரைக் கேட்டாள். நாளைக்கும் நாடகம் இருந்தது.

மானிட்டரில் ரத்த அழுத்த எண் இன்னும் ஒரு படி இறங்கியது. டாக்டர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் அந்த ஷாக் மெஷினை உருட்டிக்கொண்டு வரப் போனாள்.

பியூஸ் வாயைத் திறந்தால் சிகிச்சை தள்ளிப்போகும். தள்ளிப்போகிற நேரத்தில் அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிட்டால் அந்தப் பழி இந்த நாத்தனார் தலையில்தான். திறக்காவிட்டால்? முதல் நாள் ஒத்திகையை நினைத்துப் பார்த்தாள். அன்று கேட்ட இடி சீராக இருந்ததா, தப்பியதா? நினைவு என்பதை நம்பலாமா? ஒருவேளை அன்று கேட்டது நல்ல இதயமாகவே இருந்து, இன்றைக்குத்தான் கெட்டிருந்தால்?

இல்லை. அவள் அன்றைக்குக் கையில் எடுத்தது பஞ்சை அல்ல, பற்றவைக்கிற இரும்பை.

"டாக்டர், இன்னைக்கு இல்ல," என்றாள். "பத்து நாளாவது இருக்கும்."

அண்ணி தலையைத் தூக்கினாள். டாக்டர், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

பியூஸ் சொன்னாள். மைக்கைச் சொன்னாள், மரத்தைச் சொன்னாள், ஹெட்போனைச் சொன்னாள். தனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. முதல் நாளே சத்தம் தாறுமாறாகத்தான் இருந்தது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார்.

"சீரா இடிச்சிருந்தா கொக்கி ஆடுதுன்னு நெனச்சிருப்பேன். விட்டு விட்டு, கணக்கில்லாம இடிச்சதாலதான் லூஸ் கனெக்‌ஷன்னு நெனச்சேன். முதல் நாளே உக்காந்து எல்லா வயரையும் பத்தவச்சேன். நல்லா இருக்கற வயரை யாரும் பத்தவைக்க மாட்டாங்க டாக்டர்."

"என் வாத்தியத்துலதான் குறை கண்டுபிடிச்சே. இப்போ என்கிட்டயும் கண்டுபிடிக்கறியா?" என்றாள் அண்ணி. ஒத்திகை தொடங்கியதிலிருந்து அவள் பியூஸிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"ஆமா அண்ணி. இருக்கு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

டாக்டர் நர்ஸைக் கை காட்டி நிறுத்தினார். அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க மருந்து ஏற்றச் சொன்னார். தொண்டை வழியாக ஒரு குழாய் விட்டு இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு இரண்டுமுறை ஆடி நின்றது.

அண்ணனும் தங்கையும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நீ சொன்னது தப்பாக இருந்தால் என்று அவன் ஆரம்பித்தான். முடிக்கவில்லை. பியூஸின் காலடியில் டைரக்டர் பிடுங்கி வைத்த போன்கள் இருந்த பை கிடந்தது. யாருடைய கையில் எப்படி வந்தது என்றே தெரியவில்லை. உள்ளே ஒரு போன் மாற்றி ஒரு போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. தாதியர் நடந்தார்கள். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. கதவுக்கு உள்ளேயிருந்து பீப் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். கேட்கவில்லை. எவ்வளவு மெல்லிய சத்தத்தையும் பெரிதாக்கிக் காட்டுகிறவளுக்கு ஒரு கதவைத் தாண்டிக் கேட்க வழியில்லை.

அழுத்தம் இந்நேரம் விழுந்திருக்குமோ. மருந்து தாங்குமோ. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்து அண்ணி கண் விழித்திருப்பாளோ.

டாக்டர் வந்தார். முகத்தைப் பார்த்து எதையும் படிக்க முடியவில்லை. மாஸ்க் போட்டிருந்தார். இருவரும் எழுந்தார்கள்.

"இருக்கு," என்றார். "பட்டாணி அளவு. ஷாக் வச்சிருந்தா இந்நேரம் வேற வார்டுல நின்னு பேசிக்கிட்டு இருப்போம்."

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். டாக்டர் மேற்கொண்டு சொன்னது துண்டு துண்டாகத்தான் பியூஸின் காதில் விழுந்தது. ஷாக் இப்போது கிடையாது. ரத்தத்தை இளக்குகிற மருந்து. துடிப்பின் வேகத்தைக் குறைக்க இன்னொன்று. அழுத்தம் நிற்கிறது. கட்டி கரைய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அது அங்கேதான் உட்கார்ந்திருக்கும், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இன்றைக்கு ஆபத்தைத் தாண்டிவிட்டோம் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

பார்க்க ஒரு ஆளை மட்டும் விடுவோம் என்றாள் நர்ஸ். அண்ணன் எழுந்தான். உள்ளே போய்விட்டு உடனே திரும்பி வந்தான். உன்னைத்தான் வரச் சொல்கிறாள் என்றான்.

அண்ணியின் தொண்டை குழாய் போய் வந்ததில் கரகரத்தது. விஷயத்தை டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"முதல் நாள்லேர்ந்தேவா?"

"ஆமா அண்ணி."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"வயர்னு நெனச்சேன்."

நெஞ்சில் என்னவோ உருள்வது போல இருந்ததெல்லாம் உண்மைதான் என்றாள் அண்ணி, கூரையைப் பார்த்தபடி. அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் குடித்தாளாம். சொன்னால் இந்த வாய்ப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று பயமாக இருந்ததாம். அதைச் சொல்லும்போது மூச்சு வாங்கியது. பேச வேண்டாம் என்று பியூஸ் அவள் கையைத் தட்டினாள். அந்தக் கையை அண்ணி விடவில்லை.

மானிட்டர் பீப் என்றது. பீப். பீப்பீப். ஓர் இடைவெளி.

இருவரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள். பச்சைக்கோடு தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியின் விரல்கள் பியூஸின் விரல்களை இறுக்கின.

பீப்.

இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். அப்புறம் அடுத்ததற்காகக் காது கொடுத்துக் காத்திருந்தார்கள்.